குளிப்பாட்டும்போது கண்ணில் படுவது: குழந்தையின் பிறப்புறுப்புக் குறைபாடும் ஆபரேஷனும்

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர் பக்கம் பிறந்த குழந்தையைப் பெரும்பாலும் பாட்டிதான் குளிப்பாட்டுவார். முற்றத்தில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றுவார். மூக்கைப் பிடித்துவிடுவது, தலையை உருட்டுவது போன்ற விஷயங்களில் எனக்கு அவரோடு சண்டை உண்டு. ஆனால் அந்தக் குழந்தையின் உடம்பை அவரைப்போல அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர் வேறு யாரும் கிடையாது. "இவனுக்கு ஒண்ணுக்கு நேரா வரலையே, கீழ்ப்பக்கமா வழியுதே" என்று முதலில் சொல்பவர் பல வீடுகளில் அவர்தான். பிரசவ வார்டின் அவசரத்தில் தப்பியது முற்றத்து வெயிலில் பிடிபட்டுவிடும்.

பிடிபட்ட பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். வெளியே சொன்னால் ஊர் வாயில் விழ வேண்டும் என்று பயந்து, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ஒன்பது வயதில் முதல்முறையாக வந்து சேர்ந்த ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் வரிசையாக நின்று ஒண்ணுக்குப் போகும் இடத்துக்கு அவன் போனதே இல்லை. உட்கார்ந்துதான் போக முடியும், பார்த்தால் கேலி செய்வார்கள். அதனால் காலையில் தண்ணீரே குடிக்காமல் பள்ளிக்கூடம் போவானாம். ஒன்றரை வயதுக்குள் முடிந்திருக்க வேண்டிய ஆபரேஷன் அது.

இதற்கு நேர் எதிரான அவசரமும் உண்டு. பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாதபோது, "எப்படியாவது ஒரு பக்கமாக வெட்டித் தைத்துச் சரி பண்ணிக் கொடுங்கள், ஊருக்குப் பதில் சொல்ல முடியவில்லை" என்று கேட்பார்கள். அங்கே கத்தியை எடுக்காமல் இருப்பதுதான் பெரும்பாலும் சரி. எதைத் தள்ளிப்போடக் கூடாது, எதற்குப் பொறுத்திருக்க வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எல்லோருக்கும் ஒரே மொட்டு

கருவில் முதல் 6, 7 வாரம் வரை ஆண், பெண் என்று எந்த வித்தியாசமும் வெளியே தெரியாது. எல்லாக் கருவுக்கும் ஒரு சின்ன மொட்டு, அதன் அடியில் வாய்க்கால் போல ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் இரண்டு மடிப்பு, அவ்வளவுதான். பிறகு, ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு (1990-இல் லண்டன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது) வேலையைத் தொடங்கினால், உள்ளே இருக்கும் சுரப்பி விதையாக மாறுகிறது. அந்த விதை 8-ஆவது வாரம் வாக்கில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். அந்த இடத்துத் தோல் அதை இன்னும் வீரியமான ஒரு ஹார்மோனாக மாற்றிக்கொள்ளும். அந்த உத்தரவில்தான் மொட்டு நீண்டு ஆண்குறியாகிறது, மடிப்புகள் ஒன்றுசேர்ந்து விதைப்பையாகின்றன. உத்தரவு வராவிட்டால் அதே மொட்டு கிளிட்டோரிஸாகவும், அதே மடிப்புகள் பெண்ணுறுப்பின் உதடுகளாகவும் நின்றுவிடும். முழுசாக வராமல் அரைகுறையாக வந்தால், அல்லது பெண் குழந்தைக்கு வரக் கூடாத நேரத்தில் வந்தால், இரண்டுக்கும் நடுவில் ஒரு வடிவம்.

அந்த வாய்க்கால் எப்படிக் குழாயாகிறது? பாவாடைக்கு நாடா கோக்கத் துணியோரத்தை மடித்துத் தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையிலிருந்து தைத்துக்கொண்டே போனால் உள்ளே நாடா ஓடுவதற்கு ஒரு குழாய் கிடைக்கும். தையல் பாதியில் நின்றுபோனால் நாடா அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடும். ஆண் குழந்தையின் சிறுநீர்க் குழாயும் இப்படித்தான் அடியிலிருந்து நுனியை நோக்கி மூடிக்கொண்டே வருகிறது. ஏறக்குறைய நான்காம் மாதத்துக்குள் அந்தத் தையல் முடிந்துவிட வேண்டும். வழியில் நின்றுவிட்டால், சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கத்தில் எங்காவது இருக்கும். இதற்குப் பெயர்தான் ஹைப்போஸ்பேடியாஸ்.

இது அபூர்வமான ஒன்றல்ல. ஏறத்தாழ 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு பையனாவது இருப்பான், யாருக்கும் தெரியாமல்.

கிரகணத்தில் வெளியே போனதாலா, சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டதாலா என்று தாய்மார்கள் கேட்பார்கள். மாமியார் பக்கத்தில் நின்று கேட்கும்போது அது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு. இரண்டும் காரணம் இல்லை. ஒரு மகனுக்கு இருந்தால் அடுத்த மகனுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளிடம் சற்று அதிகம் காண்கிறது. இதைத் தாண்டிப் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்கள் மீது ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் உங்கள் குழந்தைக்கு அதனால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. கர்ப்பமாக இருக்கும்போது மருந்தடிக்கப் போகாமல் இருப்பது எப்படியும் நல்லது.

முன்தோலை வெட்டிவிடாதீர்கள்

ஹைப்போஸ்பேடியாஸ் இருக்கும் குழந்தையிடம் சாதாரணமாக மூன்று அடையாளம் தெரியும். துவாரம் கீழ்ப்பக்கம் இருக்கும். ஆண்குறி கீழ்நோக்கி வளைந்திருக்கலாம். முன்தோல் சுற்றிலும் மூடாமல் மேல்பக்கம் மட்டும் முக்காடு போட்ட மாதிரி குவிந்து நிற்கும். பாட்டிமார் கண்ணில் முதலில் படுவது இந்த முக்காடுதான். பத்தில் ஏழு குழந்தைகளுக்குத் துவாரம் நுனிக்கு அருகிலேயே இருக்கும், லேசான வகை. மீதிப் பேருக்கு நடுவிலோ, அடியில் விதைப்பைக்குப் பக்கத்திலோ இருக்கும்.

கம்பம், உத்தமபாளையம் பகுதியில் ராவுத்தர் குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் இப்படிப் பிறந்த பிள்ளையைப் பார்த்து, "இவன் சுன்னத் ஆகியே பிறந்திருக்கான்" என்று சந்தோஷமாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். முன்தோல் பாதி இல்லாததுபோலத் தெரிவதால் அப்படித் தோன்றுகிறது. மிச்சம் இருப்பதையும் எடுத்துவிடலாம் என்று சின்ன வயதிலேயே சுன்னத் செய்துவிட்டால், அதற்குப் பிறகு டாக்டர் கையில் துணி இல்லாமல் போய்விடும். ஆபரேஷனில் புதுக் குழாய் செய்யவும், அதன்மேல் போர்த்தவும் தேவைப்படும் தோல் அந்த முக்காட்டில்தான் இருக்கிறது. எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும், துவாரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒரு டாக்டர் பார்க்காமல் முன்தோலில் கை வைக்கக் கூடாது. குறைபாடு இருக்கிறது என்று தெரிந்தால், ஆபரேஷனின்போதே சுன்னத்தையும் சேர்த்து முடித்துவிடலாம். மார்க்கக் கல்யாண விருந்தைத் தள்ளி வைத்தால் போகிறது, பிரியாணி எங்கும் ஓடிவிடாது.

ஆபரேஷனுக்கு ஏற்ற வயது 6 மாதத்திலிருந்து 18 மாதம் வரை. அவ்வளவு பச்சைப் பிள்ளைக்கா என்று அப்பாக்கள் திடுக்கிடுவார்கள். அந்த வயதில் மயக்க மருந்தைத் தாங்கும் அளவுக்கு உடம்பு தேறியிருக்கும், புண் சீக்கிரம் ஆறும், இன்னும் டயப்பரில் இருப்பதால் பார்த்துக்கொள்வது சுலபம். எல்லாவற்றையும்விட, குழந்தைக்குப் பின்னால் எதுவும் ஞாபகம் இருக்காது. ஐந்து வயதில் அந்த இடத்தில் கட்டோடு எழுந்திருக்கும் பையனின் பயத்தை நான் பார்த்திருக்கிறேன், அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்காக வயது தாண்டிவிட்டால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. எந்த வயதிலும் செய்யலாம், செய்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துவாரம் நுனிக்கு மிக அருகில் இருந்து, வளைவும் இல்லாமல், சிறுநீர் நேராகப் பீய்ச்சி அடிக்கிறது என்றால் ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம். பார்க்க அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் செய்வதா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மேசையில் என்ன நடக்கிறது

லேசான வகைக்கு உலகம் முழுக்க அதிகம் செய்யப்படும் முறையை 1994-இல் அமெரிக்க மருத்துவர் வாரன் ஸ்னாட்கிராஸ் விவரித்தார். துவாரத்திலிருந்து நுனிவரை, குழாயாக மூடாமல் விட்டுப்போன அந்தப் பள்ளத்துத் தோல் ஒரு பட்டையாக இருக்கும். அதன் இரண்டு ஓரங்களையும் பிரித்து, நடுவில் நீளவாக்கில் ஒரு கீறு போட்டால் பட்டை அகலமாகும். பிறகு ஒரு மெல்லிய குழாயை நடுவில் வைத்து, இரண்டு ஓரத்தையும் சுற்றிக் கொண்டுவந்து தைக்கிறார்கள். பாவாடை நாடா மடிப்பேதான். மேலே ரத்த ஓட்டமுள்ள ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்தி, அதற்கும் மேலே தோலை மூடுவார்கள். வளைவு இருந்தால் அதையும் அப்போதே நிமிர்த்திவிடுவார்கள்.

நடுவில் வைக்கும் குழாயின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். தைக்கும் நூல் தலைமுடி கனம்தான் இருக்கும். டாக்டர் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் தைப்பார். முடிந்தபின் தானாகவே கரைந்துவிடும் நூல் அது, பிரிக்க வேண்டியதில்லை. நான் ஒருமுறை அந்த நூலைக் கைதவறித் தரையில் விட்டுத் தேடியிருக்கிறேன், கிடைக்கவே இல்லை.

துவாரம் அடிப்பக்கம் இருந்து, வளைவும் அதிகம் என்றால் ஒரே தடவையில் முடியாது. முதல் ஆபரேஷனில் வளைவை நிமிர்த்தி, முன்தோலின் உள்பக்கத் தோலை எடுத்துப் பள்ளத்தில் பதியம் போடுவார்கள். அது பிடித்து மெத்தென்று ஆக ஆறு மாதம் விட்டு, அதன்பிறகு இரண்டாவதில் குழாயாகச் சுருட்டித் தைப்பார்கள். "ஒரு தடவைல முடிஞ்சுடும்னு நெனச்சோமே சிஸ்டர்" என்று வருத்தப்படும் பெற்றோரிடம், நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதில்லையா என்று கேட்பேன். கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆபரேஷன் அன்று வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். கட்டி ஆகாரமும் புட்டிப்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பு. இதில் ஏமாற்றவே கூடாது. அழுகிறதே என்று யாரும் பார்க்காதபோது இரண்டு வாய் பால் கொடுத்துவிட்டால், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். கொடுத்துவிட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், வேறு நாள் குறித்துக்கொள்ளலாம். மயக்கம் கொடுத்தபின் முதுகின் அடியில் ஒரு ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதும் உண்டு. அதனால் விழித்த முதல் சில மணி நேரம் குழந்தைக்கு வலியே தெரியாது.

உள்ளே வைத்த குழாய் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். அந்த நாட்கள்தான் வீட்டாருக்குச் சோதனை. இரண்டு டயப்பர் போடச் சொல்லிக் கொடுப்போம். உள் டயப்பரில் முன்பக்கம் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியே குழாயை வெளியே எடுத்து, வெளி டயப்பருக்குள் சொட்டவிட வேண்டும். மலம் உள் டயப்பரோடு நின்றுவிடும், சிறுநீர் வெளி டயப்பருக்குப் போய்விடும், கட்டு நனையாது. குழாய் இருக்கும்வரை குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது கை ஒடிந்த மாதிரி, என்ன செய்ய. மலைமேல் லயத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள், குழாய் எடுக்கும்வரை கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்வது உத்தமம். கம்பம் மெட்டு வளைவுகளில் ஆள் ஏற்றிய ஜீப்பில் குலுங்கிப்போய், வழியில் குழாய் உருவிக்கொண்டு ராத்திரியில் திரும்பி வந்தவர்கள் உண்டு.

பிறகு வரக்கூடிய சிக்கலில் முக்கியமானது, தைத்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்து அதன் வழியாகவும் சிறுநீர் வருவது. லேசான வகையில் இது குறைவு, அடியில் துவாரம் உள்ள வகையில் அதிகம். வந்தால் உடனே தைக்க மாட்டார்கள், ஆறு மாதமாவது விட்டுத்தான் அடைப்பார்கள். புதுத் துவாரம் சுருங்கிப்போவது இன்னொன்று. சிறுநீர் நூல் மாதிரி மெலிதாக வந்தாலோ, முக்கி முக்கிப் போனாலோ காட்ட வேண்டும். ஆபரேஷனில் குறை வைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதெல்லாம் எதிர்பார்க்கக் கூடியவைதான் என்று தெரிந்திருப்பது நல்லது. அதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரிடம் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு.

வெந்நீரில் இறங்கும் விதை

அடுத்ததும் பாட்டியின் கைக்கு எட்டும் விஷயம்தான். விதைகள் கருவில் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்குள் பைக்கு இறங்கி வர வேண்டும். பத்து மாதம் நிறைந்து பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100-க்குச் சுமார் 3 பேருக்கு ஒரு பக்கமோ இரு பக்கமோ இறங்காமல் இருக்கும். குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் இது மிக அதிகம். பெரும்பாலானவை முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். ஆறு மாதம் ஆகியும் இறங்காதது பிறகு இறங்குவது அரிது. அதற்குப் பிறகு காத்திருப்பதில் லாபமில்லை.

ஏன் இறக்க வேண்டும்? விதை வெளியே பையில் தொங்குவதே உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பதால்தான். உள்ளே சூட்டில் கிடந்தால் பிற்காலத்தில் விந்தணு உண்டாக்க வேண்டிய செல்கள் நாளாக ஆகக் குறையும். பெரியவனான பின் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். ஒன்றரை வயதுக்குள் கீழே இறக்கிப் பையில் தைத்து நிறுத்திவிட்டால் இரண்டுமே குறையும். சிறிய ஆபரேஷன், பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் மேலே போய்ப்போய் வரும் விதையும் உண்டு. மூணாறு, வண்டிப்பெரியாறு குளிரில் காலையில் பார்த்தால் பை காலியாக இருக்கும். குளிருக்குச் சுருங்கி மேலே ஏறிக்கொண்டது. வெந்நீரில் குளிப்பாட்டும்போது பார்த்தால் இரண்டும் கீழே இருக்கும். இது நோயே அல்ல, வருடம் ஒருமுறை டாக்டர் பார்த்துக்கொண்டால் போதும். பாட்டி ஊற்றும் வெந்நீர் இந்த விஷயத்தில் நல்ல பரிசோதனை. "குளிக்கும்போது இறங்கியிருக்கும் சார், நான் பார்த்திருக்கேன்" என்று அவர் சொன்னதைக் கேட்டு டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்ததும் உண்டு.

இரண்டு பக்கமும் விதை தட்டுப்படவில்லை என்றால்

இந்தப் பகுதியை மட்டுமாவது ஞாபகத்தில் வையுங்கள். பார்க்க ஆண் குழந்தை மாதிரி இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் விதை கைக்குத் தட்டுப்படவில்லை; அல்லது ஹைப்போஸ்பேடியாஸும் இருக்கிறது, விதையும் இறங்கவில்லை. இப்படி இருந்தால், பிறகு பார்க்கலாம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. அது கர்ப்பப்பையும் சினைப்பையும் உள்ள பெண் குழந்தையாக இருக்கலாம்.

சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. கார்ட்டிசால் தயாரிக்க அதற்குத் தேவையான ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவாக இருந்தால், சுரப்பி முக்கி முக்கி வேலை செய்து ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரந்துவிடும். கருவில் இருக்கும் பெண் குழந்தையின் மொட்டு அதனால் பெரிதாகிவிடுகிறது. சி.ஏ.எச். என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். இதில் உயிருக்கு ஆபத்து வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. இவர்களில் பலருக்கு உடம்பில் உப்பு நிற்காது. பிறந்து முதல் வாரம் தாண்டி, இரண்டாவது மூன்றாவது வாரத்தில் பால் குடிக்காமல், வாந்தியெடுத்து, துவண்டு, சில மணி நேரத்தில் ஆள் போய்விடும். சாதாரண வாந்தி என்று நினைத்துக் கசாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். உடனே ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்த்து, சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோனும் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். பிறகு வாழ்நாள் முழுக்க மாத்திரை, அவ்வளவுதான். பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் எதற்கும் தடையில்லை. ஆண் குழந்தைக்கும் இந்த நோய் வரும், வெளியே அடையாளம் தெரியாது என்பதால் அவனுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். முந்தைய குழந்தை இந்த வயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆக, ஆணா பெண்ணா என்று தெரியாத குழந்தைக்கு அவசரமாகத் தேவைப்படுவது ரத்தப் பரிசோதனை, ஹார்மோன் அளவு, குரோமோசோம் சோதனை, ஸ்கேன். கத்தி இல்லை.

ஒரு காலத்தில் இப்படி இருக்கவில்லை. பிறந்த சில மாதங்களிலேயே ஒரு பக்கமாக முடிவெடுத்து, பெரும்பாலும் பெண்ணாக, வெட்டித் தைத்துவிடுவார்கள். உறுப்பின் உணர்ச்சி போய், சில பேருக்கு வளர்ந்தபின் தான் பெண்ணே இல்லை என்று தோன்றி, யாரையும் மன்னிக்க முடியாமல் வாழ்ந்தவர்கள் பேச ஆரம்பித்த பிறகுதான் மருத்துவ உலகம் யோசித்தது. மால்டா நாடு 2015-இல் இத்தகைய ஆபரேஷன்களைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

நம் பக்கம் இது வந்த வழி விசித்திரமானது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டதோடு, ஊடுபால் குழந்தைகளுக்கு, அதாவது ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலமைப்போடு பிறந்தவர்களுக்கு, பாலினத்தை மாற்றியமைக்கும் ஆபரேஷன் செய்வதைத் தடுக்கவும் அரசுக்குச் சொன்னார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்பது அதன் சாரம். அதே வருடம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தடை ஆணை பிறப்பித்தது, உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் விலக்கு. இந்தியாவில் முதலில் செய்தது தமிழ்நாடுதான்.

மலைக்கு அந்தப் பக்கம் கேள்வி இன்னும் நேரடியாகவே வந்தது. சி.ஏ.எச். உள்ள 7 வயதுக் குழந்தைக்குப் பிறப்புறுப்புச் சீரமைப்பு ஆபரேஷன் செய்ய அனுமதி கேட்டு பெற்றோரே கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். குழந்தையின் குரோமோசோம் பெண்ணுடையது. பெண்ணாக வளர்க்க விரும்பினார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நீதிபதி வி.ஜி. அருண் 2023 ஆகஸ்டில் அனுமதி தரவில்லை. தன் பாலினத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்தக் குழந்தைக்குத்தான் உண்டு, கேட்காமல் செய்வது அதன் கண்ணியத்தைப் பறிப்பது என்றார். உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று மாநில அளவிலான நிபுணர் குழு பார்த்துச் சொல்லட்டும் என்றும், இத்தகைய ஆபரேஷன்களை ஒழுங்குபடுத்த அரசு ஆணை வெளியிட வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

அந்தப் பெற்றோரை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஏழு வருடம் அந்தக் குழந்தையை ஊர்க்கண்ணில் படாமல் வளர்த்திருப்பார்கள். ஆனால் தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். மாத்திரையை நிறுத்தினால் உயிர் போகும், அதைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. தோற்றம் காத்திருக்கும். தோற்றத்தால் குழந்தைக்கு மூச்சு முட்டாது, முட்டுவது நமக்குத்தான்.

சரி, அப்படியானால் முன்னே சொன்ன ஹைப்போஸ்பேடியாஸ் ஆபரேஷன்? குழந்தை ஆண் என்பதில் சந்தேகமே இல்லாதபோது சிறுநீர் வழியைச் சரிசெய்வது பாலினத்தை மாற்றுவதாகாது. அவை வழக்கம்போல நடக்கின்றன. சந்தேகம் இருக்கும்போதுதான் முதலில் சோதனை, பிறகு பேச்சு. சிறுநீர் போகவே வழியில்லை, மலம் போக வாசல் இல்லை என்பதெல்லாம் வேறு கணக்கு, உடனே செய்தாக வேண்டியவை.

பெண் குழந்தைகளுக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்கு உதடுகள் ஒட்டிக்கொண்டு "வாசலே இல்லை" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது பிறவிக் குறையே இல்லை, தானாகவோ களிம்பிலோ பிரிந்துவிடும். பெரிய பெண்ணாகும் வயதில் மாதாமாதம் வயிறு வலிக்கிறது, தீட்டு மட்டும் வரவில்லை என்றால் கன்னிச்சவ்வு முழுசாக அடைத்திருக்கலாம். சின்ன ஆபரேஷனில் தீரும். 15, 16 வயதாகியும் வயது வரவில்லை, மார்பு வளர்ச்சியெல்லாம் சரியாக இருக்கிறது என்றால் கர்ப்பப்பையே உருவாகாமல் இருந்திருக்கலாம். சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு இப்படி. அதற்கு ஆபரேஷன் அவசரமே கிடையாது. அந்தப் பெண் பெரியவளாகி, தனக்கு வேண்டும் என்று கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம், ஆபரேஷன் இல்லாத வழியும் இருக்கிறது. பூசாரியிடம் கூட்டிப்போவதற்குப் பதில் ஸ்கேனுக்குக் கூட்டிப்போங்கள்.

எங்கே போவது

குமுளியில் நின்றால் மதுரைக்கும் கோட்டயத்துக்கும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக் குழந்தைகள் மருத்துவமனையிலும் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்பதை ரேஷன் கார்டுதான் முடிவு செய்யும். கார்டு தமிழ்நாட்டில் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், கேரளத்தில் இருந்தால் காருண்யா. லயத்துக் குடும்பங்களில் அப்பா பெயர் இங்கே, அம்மா பெயர் அங்கே, குழந்தை பெயர் எங்குமே இல்லை என்று இருக்கும். ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள். போனபின் அலைவது கொடுமை. எங்கே போனாலும் கேட்க வேண்டிய பெயர் பீடியாட்ரிக் சர்ஜன். பெரியவர்களுக்குச் செய்யும் டாக்டர், நல்லவராகவே இருந்தாலும், இந்த நூலில் தைத்துப் பழகியவர் இல்லை.

வார்டில் மாணவர்கள் கூட்டமாக வந்து பார்ப்பார்கள், போட்டோ எடுக்கக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லலாம். திரையை இழுத்துவிடச் சொல்லலாம். பச்சைக் குழந்தைதானே என்று நினைக்காதீர்கள், ஐந்து வயதுப் பையனுக்கு அந்த வெட்கம் நன்றாகத் தெரியும்.

டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் குறிப்பு, சோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, மழை நனைக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். ஹைப்போஸ்பேடியாஸ் ஆபரேஷன் செய்த பையனை, மீசை அரும்பும் வயதில் உறுப்பு வளரும்போது மறுபடி ஒருமுறை காட்ட வேண்டும். அப்போது முதலில் செய்தது என்ன என்று டாக்டர் கேட்பார். அந்த வயதில் அவனும் கேட்பான். முன்னே சொன்ன அந்த ஒன்பது வயதுப் பையன், பதினாறு வயதில் அப்பா இல்லாமல் தனியாக பஸ் ஏறி வந்தான். "எனக்கு என்ன பண்ணாங்கன்னு தெரியணும் சிஸ்டர், வீட்டுல கேட்டா பேச்ச மாத்துறாங்க" என்றான். ஃபைல் வீட்டில் பத்திரமாக இருந்தால் அதை அவன் கையிலேயே கொடுத்துவிடலாம்.